இராசமணி வளைவுக்கு வைத்த காவல்

இராசமணி சிரித்தால் மூன்று வளவு தள்ளிக் கட்டியிருக்கும் ஆடு திரும்பிப் பார்க்கும் என்று புங்குடுதீவில் சொல்வார்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார்கள். இரண்டு வளவு என்றால் சரியாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மாப்பால் கரைத்துக் கொடுப்பது அவள் வேலை. காலை ஏழு மணிக்கு அடுப்பை மூட்டி, கிடாரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, கட்டி விழாமல் பால்மாவைக் கரைத்து, பத்து மணிக்கு மணி அடிக்கும்போது நூற்றெண்பது கோப்பை பாலை நீள மர வாங்கில் வரிசையாக வைத்துவிடுவாள். பால் பிடிக்காத பிள்ளைகளுக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு குடிக்கிற வித்தையைச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். தலைமை வாத்தியார் முதல் கடலைக்காரர் வரை ஒருவரையும் பகிடி பண்ணாமல் விடமாட்டாள். யாரும் கோபித்ததில்லை, கோபித்தாலும் அவள் நிறுத்தப் போவதில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்தைத் தாண்டியதும் தெரு சட்டென்று மடங்கும். குறிகட்டுவான் துறைக்குப் போகிற தெரு அது. ஒரு பக்கம் அடர்ந்த பூவரசு வேலி, மறுபக்கம் பனங்கூடல். வளைவுக்கு அப்பால் நிற்பது மாடா மனிதனா என்று கிட்டப் போன பிறகுதான் தெரியும். அறுபத்துமூன்றாம் ஆண்டு ஆவணி மாதம், இராசமணியின் புருஷன் மார்க்கண்டு சைக்கிளில் துறைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். வளைவைத் திரும்பி ஐம்பது முழம்கூடப் போயிருக்கமாட்டார். வள்ளத்துக்குச் சாமான் ஏற்ற அவசரமாக வந்த லொறி பின்னால் வந்து அவரை அடித்தது. லொறி ஓட்டி வந்தவன் வேலணைச் சந்தியாப்பிள்ளை. அவன் தப்பி ஓடவில்லை. தன் கையாலேயே அவரைத் தூக்கிக் கிடத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். கடல் கடக்கிற பண்ணைப் பாலம் வருவதற்குள் மார்க்கண்டு முடிந்துபோனார்.

இராசமணிக்கு அப்போது வயது முப்பத்தாறு, இரண்டு பெண் பிள்ளைகள். செத்த வீடு, எட்டாம் நாள், அந்தியேட்டிக் கிரியை எல்லாம் முடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்து பழையபடி பாலைக் கரைத்தாள். ஆனால் பகிடியில்லை, சிரிப்பில்லை. பிள்ளைகள் மூக்கைப் பொத்தாமலே பாலைக் குடித்துவிட்டுச் சத்தமில்லாமல் போனார்கள்.

வழக்கு எட்டு மாதம் கழித்துக் கோட்டுக்கு வந்தது. எந்தக் கோடு, எந்த நீதவான் என்பதெல்லாம் நமக்கு எதற்கு? சந்தியாப்பிள்ளை குற்றத்தை ஒப்புக்கொண்டான். அவனுக்காகப் பேசிய அப்புக்காத்து எழுந்து, மூன்று பிள்ளைகளின் தகப்பன், முதல் குற்றம், காயப்பட்டவரைத் தானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் என்று கால் மணி நேரம் உருகினார். இராசமணிக்கே அவனை நினைத்துப் பாவமாகிவிட்டது என்றால் பாருங்களேன். நீதவான் இங்கிலீஷில் சொன்னதை, மொழிபெயர்க்கிற முதலியார் தமிழில் சொன்னார்: நூற்றைம்பது ரூபாய் தண்டம், மூன்று மாதம் லைசன்ஸ் நிறுத்தம், கோடு கலையும் வரை சிறை.

சிறை என்ற சொல்லைக் கேட்டதும் இராசமணிக்கு யாரோ பெற்ற மூன்று பிள்ளைகள் கண்ணுக்குள் வந்து நின்றன. பக்கத்தில் இருந்த பெரியவரிடம் கேட்டாள்.

"எந்தச் சிறைக்கு ஐயா கொண்டு போவினம்?"

அவர் கையைக் காட்டினார். கோட்டு மண்டபத்தின் மூலையில் கிடந்த வாங்கில் சந்தியாப்பிள்ளை உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு பொலிஸ்காரர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

"உதுதான் பிள்ளை சிறை. நீதவான் ஐயா எழும்பிப் போனா, கோடு கலைஞ்சுது. உவரும் எழும்பி வீட்டை போகலாம்."

அன்றைக்கு நீதவானுக்குக் கடும் தடிமன். மூக்கைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பதினொன்றேகாலுக்கே எழுந்து போய்விட்டார். ஒரு மனிதனைக் கொன்றதற்கு ஐம்பது நிமிஷச் சிறை. நூற்றெண்பது கோப்பை கழுவி வைக்க இராசமணிக்கு அதைவிட அதிக நேரம் பிடிக்கும்.

தீவுக்குத் திரும்பப் பன்னிரண்டு மணிக்கு ஒரு பஸ்தான் உண்டு. புருஷனைப் பறிகொடுத்தவளும் அவரை அடித்தவனும் அதே பஸ்ஸில்தான் வீடு போய்ச் சேர வேண்டும். வேறு ஊரில் என்றால் ஆளுக்கொரு தெருவால் போயிருப்பார்கள். கடலுக்கு நடுவே ஒற்றைத் தெரு போட்டுக்கொண்டு வாழ்கிறவர்களுக்கு அந்த வசதி இல்லை. பஸ்ஸில் ஒரேயோர் இடம் மிச்சமிருந்தது, அதுவும் இராசமணிக்குப் பக்கத்தில். சந்தியாப்பிள்ளை இடத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மண்டைதீவும் அல்லைப்பிட்டியும் போயின. கம்பியைப் பிடித்திருந்த பிடியை அவன் ஒருதரம்கூடத் தளர்த்தவில்லை.

"இரும் காணும்," என்றாள் இராசமணி கடைசியில்.

"வேண்டாமக்கா," என்றான்.

வேலணைச் சந்தியில் இறங்க வேண்டியவன், இரண்டு தரிப்புக்கு முன்பே இறங்கி வெயிலில் நடந்தான்.

மூன்று மாதம் போனது. நாலாம் மாதம் முதல் கிழமையே அதே லொறி, அதே ஆள், அதே வளைவு, அதே வேகம். வேகம் முன்னையைவிட அதிகம் என்றுகூடச் சொல்லலாம். பள்ளிக்கூடத்துக் குசினி யன்னலால் இராசமணி பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் பால் பொங்கி அடுப்பை அணைத்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அவனைத் தூக்கில் போட வேண்டும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. அவன் பிள்ளைகள் பட்டினி கிடக்க வேண்டும் என்றும் நினைத்ததில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த லொறி அந்த வளைவில் நிற்க வேண்டும். அவன் இறங்கி, இந்த இடத்தில்தான் என்று ஒருதரம் நின்று பார்க்க வேண்டும். கோடு அதைச் செய்விக்கவில்லை. அப்படியானால் தானே செய்விப்பது என்று முடிவு கட்டினாள்.

முதல் வேலையாகத் தன் இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய், பனங்கூடலுக்குள் கிடந்த ஒரு பனங்குற்றியை உருட்டி வந்து தெருவுக்குக் குறுக்கே போட்டாள். சந்தியாப்பிள்ளையின் லொறி அன்றைக்குச் சில்லுக்குக் காற்றுப் போய் வேலணையிலேயே நின்றுவிட்டது. வந்தது தெருவைப் பார்க்கிற ஓவசியர் தில்லைநாதனின் ஜீப். ஓவசியருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருடைய தொப்பி மட்டும் பறந்து பனங்கூடலுக்குள் போய் விழுந்தது. ஜீப்பின் அச்சு இரண்டாக முறிந்தது.

அரசாங்கத் தெருவை மறித்தது, அரசாங்க ஜீப்பை உடைத்தது என்று இராசமணியைக் கோட்டுக்கு இழுத்தார்கள். இம்முறை வேறொரு நீதவான். முதலியார் மட்டும் பழைய முதலியார். தண்டம் நூற்றெழுபத்தைந்து ரூபாய். அதைக் கேட்டதும் இராசமணி சிரித்தாள். புருஷன் செத்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். கோட்டுக் கூரையில் இருந்த புறாக்கள் எழும்பிப் பறந்தன. நீதவான் முகம் சிவந்து, ஏன் சிரிக்கிறாள் என்று கேட்கச் சொன்னார்.

"ஐயா, மனிசனை அடிச்சா நூற்றைம்பது, ஜீப்பை அடிச்சா நூற்றெழுபத்தைஞ்சு. என்ர மனிசன் சைக்கிளை விட்டிட்டு ஜீப்பிலை போயிருந்தா இன்னும் கொஞ்சம் மதிப்பாச் செத்திருப்பார் போலை."

முதலியார் அதை இங்கிலீஷில் சொல்லத் தொடங்கினார், பாதியில் நிறுத்தினார், தொண்டையைச் செருமினார். பிறகு, கணவரை நினைத்து மிகவும் மனம் வருந்துகிறார் என்று முடித்துவிட்டார். நல்ல மனிதர். வெளியே வந்து படிக்கட்டில் நின்று அவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததைக் கண்டவர்கள் உண்டு.

கிடாய் ஒன்றை விற்றுத் தண்டத்தைக் கட்டிவிட்டு இராசமணி பஸ் ஏறினாள். பஸ்காரன் பறந்தான். சந்தியில் பொலிஸ்காரர் கையைக் காட்டினார், நிற்கவில்லை. ஒரு கிழவர் குடையைக் காட்டினார், நிற்கவில்லை. தெருவோரப் பிள்ளையார் கோயில் வந்ததும் பஸ் தானாக நின்றது. கொண்டக்டர் குதித்து ஓடிக் கற்பூரம் கொளுத்தினார். சாரதி இறங்கிக் குட்டிக் கும்பிட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, பிறந்த பிள்ளையைத் தூக்குகிற பக்குவத்தில் மெல்ல மெல்லப் பஸ்ஸை எடுத்தான். இராசமணி இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை, கொல்லரிடம் சொல்லி அடிப்பித்த இரும்புச் சூலம் ஒன்று வளைவில், பூவரசுக்குக் கீழே நின்றது. குங்குமம், செவ்வரத்தம்பூ மாலை, ஒரு சிட்டி விளக்கு. சூலம் நட்டால் அந்த இடத்தில் வைரவர் இருக்கிறார் என்று அர்த்தம். நடுவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. பிடுங்குவதற்குத்தான் துணிவு வேண்டும்.

முதலில் வந்தது உமி ஏற்றிய லொறி. சாரதி சூலத்தைக் கண்டதும் பிறேக்கை மிதித்தான், மூன்று உமிமூட்டை தெருவில் விழுந்தது.

"எப்ப அக்கா இந்த வைரவர்?"

"எப்பவெண்டோ கேக்கிறீர்? அப்ப இவ்வளவு காலமும் கும்பிடாமலோ இதாலை ஓடினனீர்?" என்றாள் இராசமணி, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

பாவம், அந்த மனிதன் கன்னத்தில் போட்டுக்கொண்ட சத்தம் பள்ளிக்கூடம் வரை கேட்டது. கடைக்கு ஓடிப்போய் மூன்று தேங்காய் வாங்கி வந்து அடித்தான். தான் கும்பிடாமல் போன நாட்களுக்கு இது காணுமா என்றும் கேட்டான். காணும், ஆனால் இனி வளைவில் மெல்லப் போக வேண்டும் என்று இராசமணி வைரவர் சார்பில் பதில் சொன்னாள்.

இரண்டு மாதத்தில் மணி வந்தது. நாலு மாதத்தில் கிடுகு வேய்ந்த கொட்டில் வந்தது. ஆறாம் மாதம், தெருவோரத்து அரசாங்க நிலத்தில் கட்டியதை அகற்று என்று மேலிடம் எழுதி அனுப்ப, ஓவசியர் தில்லைநாதன் ஆட்களோடு வந்து இறங்கினார். சூலத்தைப் பார்த்தார். சப்பாத்தைக் கழற்றினார். தொப்பியையும் கழற்றினார். போகும்போது மேலிடத்துக்கு எழுதினார், மிகப் பழமையான வழிபாட்டிடம், அகற்றுதல் உசிதமன்று என்று. ஆறு மாதப் பழமை! அதன் பிறகு வெள்ளி தவறாமல் அவரே முதல் ஆளாக நின்றார். ஒரு வருஷம் போக, வைரவர் கடலில் மிதந்து வந்தவர் என்றார்கள். அந்த நாளில் சூலத்தைப் பிடுங்கப் பார்த்த ஒல்லாந்த வெள்ளைக்காரனுக்குக் கண் தெரியாமல் போனது என்றார்கள். கொல்லருக்குக்கூட அந்தக் கதையில் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

"ஓம், நானும் அப்பிடித்தான் கேள்விப்பட்டனான்," என்பாள் இராசமணி.

அவளுக்கு நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால், முதலில் இல்லை. ஆனால் தினமும் விளக்கேற்றி, தினமும் கதைத்துக் கதைத்து, வைரவர் அவளுக்கு வீட்டு ஆள் மாதிரி ஆகிவிட்டார். "நேற்று ஒருத்தன் பறந்தவன், நீர் பாத்துக்கொண்டு சும்மா நிண்டனீர்," என்று அவரையும் ஏசுவாள். உடைத்த தேங்காயில் பாதி பள்ளிக்கூடத்துக் குசினிக்குப் போனது. பாலோடு பாணும் தேங்காய்ச் சம்பலும் கிடைக்கிற பள்ளிக்கூடம் தீவிலேயே அதுதான் என்று பிள்ளைகள் மற்றப் பள்ளிக்கூடத்தாருக்குப் பெருமை அடித்தார்கள்.

நயினாதீவுத் திருவிழாவுக்குப் போகிற பஸ் எல்லாம் நின்றது. நாகதீப விகாரைக்குப் போகிற தென்னிலங்கை யாத்திரிகர்களின் பஸ்களும் நின்றன. வெள்ளை உடுத்த பெண்கள் இறங்கி, துணித்துண்டில் காசு முடிந்து சூலத்தில் கட்டி, இராசமணியையும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அவர்களுடைய மொழியில் மெல்ல என்பதற்கு 'ஹெமின்' என்று யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு கொழும்புச் சாரதிகளை எல்லாம் அவள் அதட்டினாள். எண்பத்திரண்டில் தெருவை அகலமாக்கும் வரை அந்த வளைவில் ஒரு கோழிகூட அடிபடவில்லை. இது இட்டுக்கட்டியதில்லை, அந்தக் கோழிகளின் சொந்தக்காரர்களே சொன்னது.

ஆனால் ஒரே ஒரு லொறி மட்டும் நிற்கவில்லை. யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. எல்லோரும் நின்று என்ன, நிற்க வேண்டியவன் நிற்கவில்லையே என்று இராசமணிக்கு உள்ளே அரித்தது.

மீன் விற்கிற அல்போன்சம்மா ஒருநாள் கடகத்தை இறக்கிவிட்டுப் பூவரசு நிழலில் உட்கார்ந்திருந்தாள். இராசமணிக்கு நேர் வயது, வாயில் நேர் போட்டி. அவளுடைய மூத்த மகன் தினமும் இதே வளைவால்தான் சைக்கிளில் வேலைக்குப் போய்வந்தான். சந்தியாப்பிள்ளையின் லொறி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனதை இருவரும் பார்த்தார்கள்.

"இராசமணியக்கா, சந்தியாப்பிள்ளை எங்கட வேதக்காரன். உங்கட சூலத்தடியிலை நிண்டானெண்டா மனிசி அவனைக் குசினிக்குள்ளை விடாள்."

"பின்னை என்னணை செய்யிறது?"

"எங்கட ஆளுக்கு எங்கட ஆள் வேணும். அந்தோனியாரைக் கூட்டிக்கொண்டு வருவம்."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கடகத்து மீனைக் காகம் தூக்கிக்கொண்டு போனது. அடுத்த மாதம், தெருவின் மறுபக்கத்தில், பனங்கூடல் ஓரமாக, கடையில் பிஸ்கட் வைத்திருந்த பழைய கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தோனியார் எழுந்தருளினார். அல்போன்சம்மா வீட்டுச் சுரூபம், சுண்டுவிரல் கொஞ்சம் உடைந்தது. ஆசீர்வதிக்க வந்த சுவாமியார் மோட்டார்சைக்கிளில் வேகமாக வந்து வளைவில் சறுக்கிப் பூவரசு வேலிக்குள் போனார். எழும்பி அங்கியைத் தட்டிவிட்டு, இந்த இடத்துக்கு அந்தோனியார் அவசியம்தான் என்றார். வேலிப்பக்கம் இருந்த வைரவருக்கும் ஒரு பார்வை பார்த்து மெல்லத் தலையசைத்தார்.

சந்தியாப்பிள்ளையின் லொறி வந்தது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவன் அந்தோனியாரைக் கண்டான். ஒரு கையை விட்டுவிட்டு நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு, முன்னையைவிட வேகமாகப் போனான்.

"ஐயோ, இது முந்தியதிலும் மோசமாப் போச்சு!" என்று அல்போன்சம்மா தலையில் கை வைத்தாள். "முந்தியெண்டாலும் ரெண்டு கையாலை ஓட்டினவன்."

இராசமணிக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனிதனுக்குச் சட்டம் கிடையாது, வைரவர் கிடையாது, அந்தோனியாரும் கிடையாது. தன் புருஷனின் உயிர் இவனுக்கு உமிமூட்டைக்கும் கீழே என்று நினைத்தாள். சாமியின் பெயரைச் சொல்லி ஊரையே நிறுத்திய தன் கெட்டித்தனம் எதற்கு உதவியது என்று நினைத்து, குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அறுபத்தெட்டாம் ஆண்டு ஆனி மாதம் அந்தோனியார் திருநாள் வந்தது. அல்போன்சம்மாதான் யோசனையைச் சொன்னாள். திருநாளன்றே வைரவருக்கும் பொங்கி வடைமாலை சாத்துவோம், இரண்டு பேருக்கும் சேர்த்துத் தெருவின் நடுவிலேயே அடுப்பை வைப்போம், தெருவால் போகிற எல்லோருக்கும் கொடுப்போம் என்றாள். தெருவை மறிக்க அனுமதி வேண்டுமே? பனங்குற்றிக்காக இராசமணியைக் கோட்டுக்கு இழுத்த அதே ஓவசியர் தில்லைநாதன், பின்னேரம் மூன்று மணி முதல் ஐந்து மணி வரை தெரு மூடப்படும் என்று கடதாசியில் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தார். கூடவே ஒரு வாழைக்குலையும் அனுப்பினார்.

ஊர் முழுக்க வளைவில் நின்றது. பொங்கல் பானை ஒருபுறம், வடை பொரிக்கிற தாச்சி ஒருபுறம். வைரவருக்கு நூற்றெட்டு வடையில் மாலை. அந்தோனியாருக்கும் பதினெட்டு வடை போட்டேயாக வேண்டும் என்று அல்போன்சம்மா பிடிவாதம் பிடித்து, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சிறு மாலை தொங்கியது. தன் பெட்டியில் மறுபடியும் தின்பண்டம் வந்ததைக் கண்டு கடைக்கார அரியநாயகம் விழுந்து விழுந்து சிரித்தார். பிள்ளைகள் பாட, பெரியவர்கள் அதட்ட, நாலு மணிபோல் லொறியின் சத்தம் கேட்டது.

சந்தியாப்பிள்ளை ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தான். தெருவை அடைத்துக்கொண்டு நின்ற சனத்தைக் கண்டான். பிறேக் போட்டான். ஐந்து வருஷத்தில் முதன்முறையாக லொறி வளைவில் நின்றது. ஆனால் அவன் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, தலையைக் குனிந்தபடி இருந்தான். பாட்டு நின்றது. இராசமணி வாழையிலைத் துண்டில் நாலு வடை வைத்து எடுத்துக்கொண்டு லொறிக் கதவடிக்குப் போனாள்.

"இறங்கும் காணும்."

"ஏலாதக்கா."

"ஏன் ஏலாது? அந்தோனியார் உம்மட ஆள்தானே?"

"அந்தோனியாருக்கு முன்னாலை நிக்கலாம் அக்கா. இந்த இடத்திலைதான் நிக்க ஏலாது." அன்றைக்குப் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தது போலவே அவன் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தான். "வளைவு கிட்ட வந்தாக் கால் உதறுது. மெல்லப் போனா அண்ணையின்ர சத்தம் காதுக்குள்ளை கேக்குது. அதுதான் கண்ணை மூடின மாதிரிப் பறந்து போறனான். ரெண்டு வருஷம் உள்ளை போட்டிருந்தா, கிடந்து தீத்திட்டன், முடிஞ்சுதெண்டு வந்திருப்பன். ஐம்பது நிமிஷம் வாங்கிலை இருத்திப்போட்டு விட்டிட்டினம். எனக்கு அது இன்னும் முடியேல்லை அக்கா."

இத்தனை காலமும் இராசமணி திமிர் என்று நினைத்தது பயம். அந்த வேகத்தைப் பார்த்துப் பார்த்து அவள் எரிந்த நாட்களில் எல்லாம், அவன் உள்ளே இருந்து நடுங்கிக்கொண்டு போயிருக்கிறான். அவளுக்குப் பாவமாக இருந்தது. அதைவிடப் பெரிய கோபம் வந்தது.

"அட விசரா!" என்று அவள் கத்தியது குறிகட்டுவான் வரை கேட்டிருக்கும். "பயத்திலையோ இந்தப் பறப்புப் பறந்தனீர்? பயந்த மனிசன் மெல்லவல்லோ ஓடவேணும்!"

சனம் கொல்லென்று சிரித்தது. சந்தியாப்பிள்ளைக்கும் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து, மூக்கால் ஒரு சத்தம் வந்தது. அவன் கதவைத் திறந்து இறங்கினான். தெருவில், அந்த இடத்தில், வெறுங்காலோடு நின்றான். கும்பிடவில்லை, சிலுவை போடவில்லை. சும்மா நின்று தரையைப் பார்த்தான். இராசமணியும் பக்கத்தில் நின்றாள். எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை. பொங்கல் அடிப்பிடிக்கத் தொடங்கிய பிறகுதான் அல்போன்சம்மா ஓடிப்போய்ப் பானையை இறக்கினாள்.

வடையைத் தின்று முடித்ததும் அவன் லொறியைப் பார்த்தான், வளைவைப் பார்த்தான்.

"இனி எடுக்கப் பயமாக் கிடக்கு அக்கா."

"நானும் வாறன். அங்காலைக் கதவைத் திறவும்."

இராசமணி அதற்கு முன் லொறியின் முன்னிருக்கையில் ஏறியதில்லை. கால் எட்டவில்லை. அல்போன்சம்மா பின்னால் நின்று தோளைக் கொடுத்து ஒரு மூட்டையை ஏற்றுவது போல ஏற்றிவிட்டாள். லொறி கிளம்பியது. மேலே இருந்து பார்க்க எல்லோருடைய வேலிக்கும் மேலால் எல்லாம் தெரிந்தது.

"எட, ஓவசியற்றை வளவுக்குள்ளை இவ்வளவு மாங்காயோ? எங்களுக்கு ஒரு வாழைக்குலையோடை மனிசன் முடிச்சிட்டார்!" என்று அவள் சத்தம் போட, பின்னால் சனத்துக்குள் நின்ற ஓவசியர் காதைப் பொத்திக்கொண்டார்.

லொறி ஊர்ந்தது. நடந்து போகிறவர்கள் கூடவே வந்து கதை கேட்டார்கள். ஒரு நாய் சில்லோடு சில்லாக நடந்து பார்த்து, அலுத்துப்போய்ப் படுத்துவிட்டது. பிறகு சைக்கிள்கள் வந்தன. முதலில் அல்போன்சம்மாவின் மகன், பிறகு பெரிய வகுப்புப் பெடியன்கள், பிறகு மூக்குக்கண்ணாடி போட்ட தலைமை வாத்தியார். எல்லோரும் மணியை அடித்துக்கொண்டு, கையைக் காட்டிக்கொண்டு, லொறியை முந்திக்கொண்டு துறைப் பக்கம் போனார்கள். வாத்தியாரே முந்தியதைக் கண்டு இராசமணி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் நடுவில் நிறுத்தினாள். முந்திப் போகிற சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சந்தியாப்பிள்ளை," என்றாள். "அண்டைக்கு இந்த வேகத்திலை வந்திருந்தீரெண்டா, என்ர மனிசனும் இப்பிடி மணியடிச்சு, உம்மைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு போயிருப்பார்."

அவன் கண்ணீர் ஸ்டியரிங்கில் விழுந்தது. அவளும் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பின்னால் வந்த பஸ்காரன் வழி கேட்டு ஹோர்னை விடாமல் அடித்தான். சந்தியாப்பிள்ளை பழக்கத்தில் காலை அழுத்தப் போனான்.

"அவன் அடிக்கட்டும்," என்றாள் இராசமணி. "நீர் இன்னும் மெல்ல விடும்."